குலுக்கலில் கிடைத்த இடம்: மகளை ஹார்ட்ஃபோர்டு மேக்னட் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ராக்கி ஹில் ஊரில் வசிக்கிறோம். மகள் வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். ஹார்ட்ஃபோர்டு வட்டாரத்தில் அறிவியலை முன்னிறுத்தி, நகரம், புறநகர் எனப் பல ஊர்ப் பிள்ளைகளையும் குலுக்கலில் சேர்க்கும் மேக்னட் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தோம்; குலுக்கலில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளி பிடித்திருக்கிறது. ஆனால் தேர்ச்சி விகிதம் எங்கள் ஊர்ப் பள்ளியைவிடக் குறைவு. "பள்ளிக்காகத்தானே இந்த ஊரில் இவ்வளவு விலை கொடுத்து வீடு வாங்கினீர்கள்?" என்று பொங்கல் விழாவில் நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தால் அவர்களுக்கு நடுவே உள்ள கற்றல் இடைவெளி குறையும் என்பது உண்மையா? அதில் என் மகள் பின்தங்கிவிட மாட்டாளே?
- ராக்கி ஹில் வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பின்தங்குவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்க அரசு நடத்திய மாபெரும் பள்ளி ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது. உடன் படிப்பவர்கள் யார் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கல்வியைப் பெரிதும் பாதிக்கிறது. வீட்டில் படிப்புக்கு ஆதரவு உள்ள பிள்ளைகளை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஆனால் அந்தப் பள்ளியில் இடைவெளி குறைகிறதா என்பது தனிக் கேள்வி. குறைகிற பள்ளியும் உண்டு, வரவேற்பறையில் பல நிற முகங்களின் படத்தை மாட்டிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்ட பள்ளியும் உண்டு.

முதலில் அந்தத் தேர்ச்சி விகிதம். ஒரு பள்ளியில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்ற எண், அங்கே யார் வந்து சேர்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். 'அ' பள்ளியில் நூற்றுக்கு 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 75 சதவீதம் தேறுகிறார்கள். மீதி 20 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 35 சதவீதம். மொத்தத் தேர்ச்சி 67 சதவீதம். 'ஆ' பள்ளியில் வசதியானவர்கள் 30 பேர்தான். அவர்களில் 80 சதவீதம் தேறுகிறார்கள். ஏழைப் பிள்ளைகள் 70 பேர். அவர்களில் 50 சதவீதம். மொத்தம் 59 சதவீதம். வீடு விற்கும் இணையதளத்தில் 'அ'வுக்குத்தான் நல்ல பெயர். ஆனால் வசதியான பிள்ளையாக இருந்தாலும் ஏழைப் பிள்ளையாக இருந்தாலும் தேறும் வாய்ப்பு 'ஆ'வில்தான் அதிகம். இரு தரப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அங்கே 30 புள்ளிதான்; 'அ'வில் 40. வீட்டுத் தரகர் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டப்போவதில்லை.

ஆகவே மாநிலக் கல்வித் துறையின் எட்சைட் தளத்துக்குப் போய், இரண்டு பள்ளிகளுக்கும் வளர்ச்சி அளவைப் பாருங்கள். ஸ்மார்ட்டர் பேலன்ஸ்ட் என்ற மாநிலத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளையும் சென்ற ஆண்டு எங்கே நின்றது, அங்கிருந்து அதற்கென வகுத்த இலக்கில் எத்தனை சதவீதத்தை எட்டியது என்பதன் சராசரி அது. மொத்தப் பள்ளிக்கும் பார்த்துவிட்டு, 'கூடுதல் தேவையுள்ளோர்' என்ற பிரிவுக்குத் தனியாகப் பாருங்கள். ஏழ்மையில் உள்ளவர்கள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், சிறப்புக் கல்வி பெறுபவர்கள் மூவரையும் சேர்த்த பிரிவு அது. ஓர் ஆண்டின் எண்ணை நம்ப வேண்டாம். ஆறாம் வகுப்பில் சில பிள்ளைகள் மாறினாலே அது துள்ளும். மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்தப் பிரிவின் வளர்ச்சி ஆண்டுக்காண்டு நன்றாக இருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்கள் என்று பொருள். இடைவெளியைப் பார்க்கும்போது இரு முனைகளையும் பாருங்கள். மேலே இருப்பவர்கள் சரிந்தாலும் இடைவெளி குறையத்தான் செய்யும்; சில பள்ளி நிர்வாகங்கள் அதையும் சாதனையாகக் காட்டும்.

உங்கள் கையில் இருக்கும் குலுக்கல் கடிதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன. இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் பிரவுன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தெற்கு மாநிலங்களில் பிரிவினைக்குச் சட்டம் இருந்தது, எனவே அதை அடித்து நொறுக்க முடிந்தது. கனெக்டிகட் போன்ற வடக்கு மாநிலங்களில் அந்த வேலையை ஊர் எல்லைகளே செய்தன. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஊர் எல்லைதான் பள்ளி மாவட்டத்தின் எல்லை. வசதியானவர்கள் புறநகரில் வீடு வாங்க, பள்ளிச் செலவுக்கு அந்தந்த ஊரின் சொத்து வரியே பெரும் ஆதாரமாக இருக்க, ஹார்ட்ஃபோர்டு நகரப் பள்ளிகளில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளுமே எஞ்சினார்கள். டெட்ராய்ட் நகரம் தொடர்பான மில்லிகன் வழக்கில், பிரிவினைக்குக் காரணமாக இல்லாத புறநகர்களை அதற்கான தீர்வில் இழுக்க முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொல்லிவிட்டதால், மத்திய நீதிமன்ற வழியும் அடைபட்டது.

நான்காம் வகுப்பு மாணவன் மைலோ ஷெஃப்பின் பெயரில் 1989இல் தொடுக்கப்பட்ட வழக்கு அதனால்தான் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. கனெக்டிகட் மாநில அரசமைப்பில் 'யாரும் பிரித்து வைக்கப்படக் கூடாது' என்ற விதி வெளிப்படையாகவே இருக்கிறது. யாருடைய உள்நோக்கமும் இல்லாமல் எல்லைக் கோடுகளால் விளைந்த பிரிவினையும் அந்த விதியை மீறியதே என்று மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. தாய் எலிசபெத் ஹார்ட்டன் ஷெஃப் பிறகும் பல ஆண்டுகள் விடாமல் நின்றார். தீர்ப்பு வந்தது, ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தும் துணிச்சல் மாநில அரசுக்கு இல்லை. எனவே விருப்பப்பட்டு வருபவர்களுக்காக இரண்டு வழிகள் வைக்கப்பட்டன: நகரப் பிள்ளைகள் புறநகர்ப் பள்ளிக்குப் போகும் ஓப்பன் சாய்ஸ், இரு தரப்பும் கூடும் மேக்னட் பள்ளிகள். ஹார்ட்ஃபோர்டும் சுற்றியுள்ள 21 ஊர்களும் இந்தத் திட்டத்தில் அடங்கும். உங்கள் ராக்கி ஹில்லும் அதில் ஒன்று.

மேக்னட் பள்ளியில் கறுப்பினத்தவரோ லத்தீனோவோ அல்லாதவர்கள் கால் பங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. புறநகரிலிருந்து போதிய பேர் வராத பள்ளிகளில் இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஹார்ட்ஃபோர்டுப் பிள்ளைகள் காத்திருப்போர் பட்டியலில் நின்ற கூத்தும் நடந்தது. அதை எதிர்த்து 2018இல் பெற்றோர் மத்திய நீதிமன்றம் போனார்கள். 2020 உடன்பாட்டுக்குப் பிறகு குலுக்கலில் இனத்துக்குப் பதில் குடும்பத்தின் பொருளாதாரப் பின்னணி பார்க்கப்படுகிறது. ஒருவகையில் இது நியாயம். கற்றல் இடைவெளியை அதிகம் விரிப்பது ஏழைப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே பள்ளியில் குவிப்பதுதான் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடெங்கிலும் உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

சேர்ந்து படித்தால் இடைவெளி குறையுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்ட்டியில் இருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கான அரசுக் குடியிருப்புகள் வசதியான குடியிருப்புகளுக்கு நடுவிலும் சிதறிக் கிடக்கின்றன. குடும்பங்களுக்கு வீடு குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். எந்தப் பெற்றோரும் பள்ளியைத் தேடிப் பிடித்துப் போகவில்லை என்பதால் ஒப்பிடுவது எளிது. அந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 850 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை 2001 முதல் 2007 வரை தொடர்ந்து பார்த்தார் ஆய்வாளர் ஹெதர் ஷ்வார்ட்ஸ். கவுன்ட்டி நிர்வாகம் ஏழ்மை மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் கொடுத்தது, வகுப்புகளைச் சிறிதாக்கியது, முழுநேர மழலை வகுப்பு நடத்தியது. அப்படியிருந்தும், வசதியானவர்கள் அதிகம் உள்ள பள்ளியில் படித்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். தொடக்கப் பள்ளி முடிவதற்குள், கவுன்ட்டியின் ஏழைகள் அல்லாத பிள்ளைகளுடன் அவர்களுக்கிருந்த கணித இடைவெளி பாதியாகச் சுருங்கியது. வாசிப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் முதல் ஓரிரு ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து, ஏழு ஆண்டு ஒரே இடத்தில் படித்தவர்களிடம்தான் தெரிந்தது. பள்ளியில் ஏழைப் பிள்ளைகளின் பங்கு கூடக்கூட நன்மையும் தேய்ந்தது.

நாடு முழுக்கவும் ஒரு காலத்தில் இப்படி நடந்தது. தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது வெள்ளை, கறுப்பின மாணவர்களுக்கு இடையே வாசிப்பில் 1971இல் 39 புள்ளி இடைவெளி இருந்தது, 1988இல் 18. பள்ளிகள் மும்முரமாக ஒருங்கிணைக்கப்பட்ட காலம் அது. ஏழ்மை ஒழிப்புத் திட்டங்களும் அதே காலத்தில் வந்தவை என்பதால் முழுப் பெருமையையும் பள்ளிகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி, நம்மவர்கள் காதில் போட்டுக்கொள்ள விரும்பாத விஷயம். ஒருங்கிணைந்த பள்ளிக்குள்ளேயே இரண்டு பள்ளிகள் நடக்கலாம். ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில், யாரை எந்தக் கணித வகுப்பில் போடுவது என்று முடிவு செய்ய ஒரு தேர்வு வைப்பார்கள். நம் பிள்ளைகள் குமான் டியூஷனிலோ வார இறுதி வகுப்பிலோ அந்தப் பாடத்தை முன்பே முடித்திருப்பார்கள்; மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் வேக வகுப்பில் சேர்ந்துவிடுவார்கள். நகரத்திலிருந்து வரும் பிள்ளை அந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படுவதே தேர்வு நாளன்றுதான். ஏழாம் வகுப்பில் கணித வேளை மணி அடித்ததும் நடைகூடத்தில் நின்று பாருங்கள்: ஒரு கதவுக்குள் ஒரு நிறம், எதிர்க் கதவுக்குள் இன்னொரு நிறம். பஸ் வைத்து ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததை அந்த நடைகூடம் கலைத்துவிடுகிறது. வேக வகுப்பு வேண்டும் என்று முதல்வர் அறை வாசலில் நிற்பவர்களில் தமிழ்ப் பெற்றோருக்கு எப்போதும் முன்வரிசைதான்.

இதற்கு மாற்று உண்டு. நியூயார்க் அருகே ராக்வில் சென்டர் என்ற ஊரில், கல்வி அதிகாரி வில்லியம் ஜான்சன் தலைமையில் வேக வகுப்புக் கணிதத்தையே எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். தடுமாறியவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் துணை வகுப்பு வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் முன்பே மாநில அல்ஜீப்ரா தேர்வில் தேறியவர்கள், கறுப்பின, லத்தீனோ மாணவர்களில் 23 சதவீதத்திலிருந்து 75 ஆனார்கள். வெள்ளையர், ஆசிய மாணவர்களில் 54ஆக இருந்தது 98 ஆனது. இரண்டாவது எண்ணை உங்கள் பொங்கல் விழா நண்பர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் துணை வகுப்பு இல்லாமல் வேக வகுப்பை மட்டும் கலைத்த பள்ளிகளில் இந்தப் பலன் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தைக் காட்டுவார்கள், முப்பரிமாண அச்சு இயந்திரத்தைக் காட்டுவார்கள். ஒரு நிமிடம் பாராட்டிவிட்டு, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எத்தனை பேர் படிக்கிறார்கள், அதில் கூடுதல் தேவையுள்ளோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். சதவீதமாகப் பதில் வந்தால் நல்லது. 'எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு' என்று வந்தால் எச்சரிக்கை. தடுமாறும் பிள்ளைக்குத் தரும் துணைப் பாடம் பள்ளி நேரத்துக்குள் நடக்கிறதா என்று கேளுங்கள். மாலையில்தான் என்றால், தாமதப் பஸ் உண்டா என்பது அடுத்த கேள்வி. பல ஊர்ப் பிள்ளைகள் வரும் பள்ளியில் கடைசி மணி அடித்ததும் கிளம்பும் பஸ்ஸை விட்டால் வீடு போக வழி இல்லாத பிள்ளைதான் ரோபாட்டிக்ஸ் குழுவிலும் இருக்காது, மாலை டியூஷனிலும் இருக்காது. தாமதப் பஸ் ஓடுகிற பள்ளி கற்றல் இடைவெளியைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறது என்பது என் கணிப்பு.

பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் போகிறவர்கள் எத்தனை பேர், பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுபவர்கள் யார் யார் என்பதையும் எட்சைட்டில் பார்க்கலாம். ஆசிரியர்களில் கறுப்பின, லத்தீனோ ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு தெற்கில் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பின ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் ஆயிரக்கணக்கில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இவற்றுக்கெல்லாம் ஓரளவு நல்ல பதில் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். நானாக இருந்தால் சேர்ப்பேன். உபகாரம் செய்யப் போவதாக மட்டும் மகளிடம் சொல்ல வேண்டாம். அங்கே அவளைவிட நன்றாக எழுதும், பாடும், கணக்குப் போடும் பிள்ளைகள் நகரத்திலிருந்தும் வருவார்கள். தோழியின் வீடு இருபது நிமிட கார்ப் பயணத் தொலைவில் இருக்கும். பிறந்தநாள் விழாவுக்கு ஹார்ட்ஃபோர்டுக்குள் காரோட்ட நீங்களும் உங்கள் கணவரும் தயாராக இருக்க வேண்டும்.

இடத்தை ஏற்பதற்கான கெடு தேதி கடிதத்தில் இருக்கும். அது கடந்தால் இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பஸ் எங்கே நிற்கும், காலையில் எத்தனை மணிக்கு வரும் என்பதை ஏற்பதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளைய குழந்தை இருந்தால், அக்கா அங்கே படிப்பது குலுக்கலில் உதவும். பள்ளி ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் ராக்கி ஹில் பள்ளிக்குத் திரும்பலாம். உள்ளூர்வாசியின் பிள்ளையை அது மறுக்க முடியாது. மேக்னட் பள்ளியில் விட்ட இடத்துக்கோ மீண்டும் குலுக்கலுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.