கிளாஸ் வியர்ப்பது ஏன்? நீர்ச் சுழற்சி கேள்வி பதில்

கேள்வி: ஐஸ் கோப்பிக் கிளாஸின் வெளிப்பக்கம் தண்ணீர் எப்படி வருகிறது, ஐயா? தொடக்கநிலை 5-இல் படிக்கும் மகள் "கசிகிறது" என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள்.

பதில்: சுற்றியுள்ள காற்றிலிருந்த நீராவிதான் அக்கா அது. மகளே சோதித்துப் பார்க்கட்டும். திறக்காத குளிர்பான டின்னை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, நன்றாகத் துடைத்து, சமையல் தராசில் வையுங்கள். கால் மணி நேரத்தில் ஓரிரு கிராம் கூடும். கசிவென்றால் எடை கூடாதே! ஏர்கான் அறை வேண்டாம், அங்கே காற்றில் ஈரம் குறைவு. விடையில் பிள்ளைகள் பெரும்பாலும் விடுவது "வெப்பத்தை இழந்து" என்பதை. நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாகிறது என்று முழுதாக எழுதப் பழக்குங்கள்.

கேள்வி: மேகம் நீராவிதானே?

பதில்: இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகத்தில் தெரிபவை சுமார் 0.02 மி.மீ. அளவுள்ள நீர்த்துளிகள். 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும்.

கேள்வி: கொதிக்காமலே கடல்நீர் ஆவியாவது எப்படி? இங்கே சிங்கப்பூரில் பிற்பகலில் இடிமழை ஏன்?

பதில்: இரண்டுக்கும் விடை வெப்பம்தான். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நீர்ப்பரப்பில் நடக்கும், ஆனால் நிறைய வெப்பம் கேட்கும். 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ நீரை 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதே நீரை 30 டிகிரியிலேயே ஆவியாக்க 2,400-க்கு மேல் வேண்டும். அந்த வெப்பம் ஆவிக்குள் ஒளிந்தே மேலே போகிறது. காலை வெயிலில் நிலம் சூடேறி, ஈரக்காற்று உயர்ந்து குளிரும்போது, ஒளிந்திருந்த வெப்பம் வெளியே வந்து மேகத்தை இன்னும் உயரத் தள்ளும். பிற்பகலில் இடி இடிப்பது அதனால்தான். விடியலுக்கு முன் பலத்த காற்றோடு வருவது வேறு. அது சுமத்ரா பக்கம் இரவில் உருவாகி, கிழக்கே நகர்ந்து நம்மை அடைவது.

கேள்வி: பெய்த மழை எங்கே போகிறது?

பதில்: சராசரியாக ஆண்டுக்கு 2,100 மி.மீ. பெய்கிறது, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 2,100 லிட்டர். தீவின் மூன்றில் இரண்டு பங்கில் விழுவது கால்வாய்கள் வழியே 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது.

கேள்வி: நீர்ச் சுழற்சியைக் காட்ட, பேசினில் உப்புநீர் ஊற்றி, நடுவில் கிண்ணம் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு மாதிரி செய்தோம். நடுவிலுள்ள கிண்ணத்தில் ஒரு துளிகூட விழவில்லை.

பதில்: பிளாஸ்டிக் தாளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பீர்கள். கொஞ்சம் தொய்வாகக் கட்டி, கிண்ணத்துக்கு நேர்மேலே சிறு கல்லை வையுங்கள். அப்போதுதான் துளிகள் சரிந்து நடுவுக்கு வரும். கிண்ணம் தாளைத் தொடக்கூடாது. வெதுவெதுப்பான நீர் 2 செ.மீ. உயரத்துக்குப் போதும். பையில் கட்டிய ஐஸைக் கல்லின்மேல் வைத்தால் சீக்கிரம் துளிக்கும். சேர்ந்த நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு இருக்காது. கரித்தால், ஊற்றும்போது தெறித்திருக்கிறது. கிண்ணத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.