சாட்ஸ்வர்த் கால்பந்து லீக்: பணத்தைப் பிரிக்கும் முறை

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள உங்கள் சாட்ஸ்வர்த் லீக்கில், விளம்பரதாரர் பணத்தைச் சமமாகப் பிரிக்கும்படி சிறிய அணிகளும், கூட்டம் சேர்க்கும் தங்களுக்கே அதிகம் தரும்படி பெரிய அணிகளும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக், உள்நாட்டுத் தொலைக்காட்சி வருமானத்தில் பாதியை 20 அணிகளுக்கும் சமமாகவும், கால் பங்கைப் பட்டியலில் பிடித்த இடத்தின்படியும், எஞ்சியதை ஒளிபரப்பான ஆட்டங்களின் எண்ணிக்கைப்படியும் பிரிக்கிறது. சொந்த மைதானத்து நுழைவுக் கட்டணம் அந்தந்த அணிக்கே போகிறது. அமெரிக்கப் பாணிக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லோ தேசிய ஒளிபரப்புப் பணத்தை 32 அணிகளுக்கும் சமமாகவே கொடுக்கிறது.

என் கருத்தில், டிக்கெட் பணத்தைப் பெரிய அணிகளிடமே விட்டுவிடுங்கள். விளம்பரப் பணத்தில் முதலில் நடுவர் ஊதியத்தையும், டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸிலிருந்து மினிபஸ் டாக்சி பிடித்து, வாடகைக்குப் பையன்களே காசு போட்டு வரும் அணிகளின் பயணச் செலவையும் கழியுங்கள். மீதியில் முக்கால் பங்கைச் சமமாகவும், கால் பங்கை மட்டும் பட்டியல் இடத்தின்படியும் கொடுங்கள். இதைப் பருவம் தொடங்குமுன் எழுதி, எல்லா அணிச் செயலாளர்களிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.