மூளைக்கட்டி சர்ஜனாகவும் பேராசிரியராகவும் ஆக எந்த வழி?

கேள்வி: புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். படித்து, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம் பக்கம், அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். போஸ்டிங்கின்போது ஒரு மூளைக்கட்டி ஆபரேஷனை முழுதாக நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆபரேஷனோடு நிற்காமல் பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் ஆசை. எம்.எஸ். (ஜெனரல் சர்ஜரி) முடித்து எம்.சிஹெச். (நியூரோ சர்ஜரி மேல்படிப்பு) போவதா, நேரடி ஆறு வருடப் படிப்பா? ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மண்டையத் தொறக்குற வேலை, கண் டாக்டர் ஆகட்டும்" என்கிறார் பெரியப்பா. கடைசியில் கடலூர், புதுச்சேரிப் பக்கமே இருக்க முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பெரியப்பாவை முதலில் அனுப்பிவைத்துவிடலாம். டி.எஸ். கனகா சென்னையில் நியூரோ சர்ஜரி எம்.சிஹெச். முடித்தது 1968-ல். ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன்களில் ஒருவர் அவர். சென்னையில் அந்தத் துறையை 1950-ல் தொடங்கிய பி. ராமமூர்த்தி பிறந்தது சீர்காழியில். கொள்ளிடத்துக்கு அந்தக் கரைக்காரர் தொடங்கியதில் இந்தக் கரைப் பெண் சேர்வதற்குப் பெரியப்பா இவ்வளவு மலைக்க வேண்டியதில்லை. உண்மையான சிக்கல் வேறு. பயிற்சியின் கடுமையான வருடங்களும் கல்யாணம், குழந்தை என்று வீட்டில் பேச்சு எழும் வருடங்களும் ஒன்றாக வந்து விழும். மகப்பேறு விடுப்பு எடுத்தால் படிப்பு எவ்வளவு நீளும், அந்த மாதங்களுக்கு உதவித்தொகை உண்டா என்பதைச் சேரும் முன்பே அந்த நிறுவனத்தின் சீனியர் பெண் ரெசிடென்டிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட அது தெளிவாக இருக்கும்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். காகிதத்தில் இரண்டு வழியும் ஒரே நீளம்தான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன்மேல் எம்.எஸ். மூன்றும் எம்.சிஹெச். மூன்றும், அல்லது நேராக ஆறு. வித்தியாசம் நடுவில் விழும் இடைவெளியில் இருக்கிறது. எம்.எஸ். முடித்தவர் சூப்பர் ஸ்பெஷாலிட்டிப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். அல்லது ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். தேர்வுக்கு மறுபடி உட்கார வேண்டும், கட்டாயச் சேவை பாண்ட் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஒன்றிரண்டு வருடம் அதில் போய்விடலாம். நேரடிப் படிப்பில் அந்த இடைவெளி இல்லை. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆறு வருட எம்.சிஹெச்.-க்கு ஐ.என்.ஐ.-செட் என்ற பொது நுழைவுத்தேர்வை எழுதுகிறீர்கள். அது ஜனவரி, ஜூலை சேர்க்கைகளுக்காக வருடத்தில் இருமுறை வரும். எம்.சிஹெச்.-க்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் ஆறு வருட டி.ஆர்.என்.பி.க்கு நீட் பி.ஜி. மதிப்பெண் போதும்.

இருந்தாலும் உங்களுக்கு எம்.எஸ். வழியைத்தான் சொல்வோம். நீங்கள் பார்த்திருப்பது ஒரு ஆபரேஷன். நேரடிப் படிப்பில் சேர்ந்து இரண்டாம் வருடம் 'இது எனக்கு இல்லை' என்று தோன்றி விலகினால் கையில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் மிஞ்சும். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்தவருக்கு அந்தப் பயம் இல்லை. அதைவிட, மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குத் திருப்பும் ஷன்ட்டின் கீழ்முனையை வைக்கவும், மூச்சுக்குழாயில் துளையிடும் டிரக்கியாஸ்டமி போடவும், தலையோடு மண்ணீரலும் கிழிந்து வந்த விபத்து நோயாளியை யார் முதலில் தொடுவது என்று முடிவெடுக்கவும் ஜெனரல் சர்ஜரிக் கை வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கி 2020-ல் அரசாணை வந்தது. அந்தந்த வருடத் தகவல் கையேட்டில் சேவைக்கால நிபந்தனையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எதில் சேர்வதானாலும், அதற்கு முன் இரண்டு வாரம் நியூரோ சர்ஜரி இரவு டியூட்டியில் கூடவே இருந்து பாருங்கள். மூளைக்கட்டிக்காகச் சேர்கிறவர்களுக்கு ஆரம்ப வருடங்களில் கிடைப்பது பெரும்பாலும் தலைக்காயம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்களோடு ஆம்புலன்ஸ் நள்ளிரவிலும் வரும். இதைச் சலிப்போடு செய்கிறவர் கட்டி சர்ஜன் ஆக மாட்டார், ஏனென்றால் கை பழகுவது இங்கேதான். மூளைக்குள் நீர் நிற்கும் அறையான வென்ட்ரிக்கிளில் வடிகுழாய் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கின் வேரிலிருந்து பின்னோக்கி 11 செ.மீ., நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 செ.மீ. அளந்து துளை போட வேண்டும். நடுக்கோட்டை ஒட்டிப் போனால் பெரிய சிரைக்குழல் கிழியும், அதிகம் பின்னால் போனால் கைகாலை அசைக்கும் பகுதியில் குத்தும். முதல் முறை நீர் வரவில்லை என்றால் இன்னும் ஆழமாகத் தள்ளத் தோன்றும். குழாயை வெளியே எடுத்துவிட்டுக் கோணத்தைத் திருத்த வேண்டும். ஆழம் காரணம் இல்லை, பெரும்பாலும் திசைதான் தவறியிருக்கும்.

மைக்ரோஸ்கோப் வேலைக்கு இப்போதே வீட்டில் பழகலாம். கோழி இறக்கையில் எலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு முதலில் 8-0 நைலானிலும், கை நடுக்கம் குறைந்த பிறகு அதைவிட மெல்லிய 10-0 நைலானிலும் அதைத் தையுங்கள். நுனிவிரல் இழுக்காமல் தையல் நிற்க வேண்டும் என்றால் மணிக்கட்டு மேஜையில் ஊன்றியிருக்க வேண்டும். ட்ரில் பிடித்துப் பழக ஆட்டுத்தலை போதும். உள்ளே மூளையை மூடியிருக்கும் டியூரா உறை கிழியாமல் எலும்புத் துண்டை எடுத்துவிட்டால் அன்றைக்குத் தேர்ச்சி. (வீட்டில் எந்தப் பாத்திரத்தில் வைத்து வேலை செய்தீர்கள் என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.)

இனி கட்டி. கையால் எடுப்பது பாதிதான். எதை எடுக்கக் கூடாது, எடுத்ததை என்ன செய்வது என்பது மறுபாதி. ஆராய்ச்சியும் அந்த மறுபாதியிலிருந்துதான் கிளைக்கிறது. பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கிளையோமா (மூளையின் தாங்கு செல்களிலிருந்து வளரும் கட்டி) இருந்தால் நோயாளியை விழிக்க வைத்து, மூளையின் மேல் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துக்கொண்டே பேசச் சொல்வார்கள். 60 ஹெர்ட்ஸ், 1 முதல் 6 மில்லியாம்பியர், ஒரு தொடுதல் 4 நொடிக்கு மிகாமல். ஒரே இடத்தை அடுத்தடுத்து இருமுறை தொடுவதில்லை. ஒவ்வொரு இடத்தையும் மூன்று முறையாவது சோதித்த பிறகே முடிவு. படத்தைக் காட்டினால் நோயாளி "இது ஒரு..." என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். "இது ஒரு" வந்து பெயர் வரவில்லை என்றால் சொல் தேடும் இடம் தடைபட்டிருக்கிறது. அதுவும் வராமல் வாயே நின்றுவிட்டால் பேச்சை இயக்கும் வேறு இடம். இந்த வேறுபாட்டுக்காகத்தான் அந்த முன்சொற்கள். வலிப்பு வந்துவிட்டால் ஐஸ் போலக் குளிர்ந்த ரிங்கர் திரவத்தை மூளையின் மேல் ஊற்றுவார்கள். அது கையெட்டும் தூரத்தில் இல்லாமல் தூண்டலைத் தொடங்கவே கூடாது.

நோயாளியிடம் காட்டும் மேல்நாட்டுப் படத்தொகுப்பில் பீவர் என்ற விலங்கும் இக்ளூ என்ற பனிவீடும் இருக்கும். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த அம்மா இக்ளூவைச் சொல்லாமல் விழித்தால் அது கட்டியின் குற்றம் இல்லை. முறமும் அம்மியும் கட்டுமரமும் உள்ள படத்தொகுப்பு வேண்டும். ஆபரேஷனுக்கு முன் நாட்களில் இரண்டு தடவை காட்டி, அவர் தடுமாறும் படங்களை எடுத்துவிட வேண்டும். புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும், தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டு மொழிக்கும் மூளையில் இடம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கலாம் என்பதால் இரண்டிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இந்த ஊர் நோயாளிகளுக்குப் பொருந்தும் படத்தொகுப்பை ஆரோக்கியமானவர்களிடம் சோதித்துத் தரப்படுத்துவது நல்ல ஆராய்ச்சி. அதற்கு லேபும் வேண்டாம், லட்சங்களும் வேண்டாம். எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் பொறுமையும் இருந்தால் ரெசிடென்ட் ஒருவரே செய்து முடிக்கலாம்.

ஆபரேஷனில் இடம் காட்டும் நேவிகேஷன் கருவியைப் பார்த்து மயங்காதீர்கள். அது காட்டுவது ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை. டியூராவைத் திறந்து நீர் வடிந்து கட்டியில் பாதி வெளியே வந்ததும் மூளை தாழ்ந்து நகர்ந்துவிடும். திரையில் கட்டிக்குள் நிற்பதாகத் தெரியும் கருவி உண்மையில் நல்ல மூளைக்குள் இருக்கலாம். அந்த நேரத்தில் அல்ட்ராசவுண்டைப் படிக்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். 5-ஏ.எல்.ஏ. மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. என்று மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன் குடிக்க வைத்தால், நீல ஒளியில் முற்றிய கிளையோமா சிவந்து ஒளிரும். ஆபரேஷன் தள்ளிப்போய் நேரம் பிசகினால் ஒளிர்வு மங்கிவிடும். ஒரு நாள் முழுக்க நோயாளியை வெயிலிலிருந்தும் பிரகாசமான விளக்கிலிருந்தும் காக்க வேண்டும் என்பதை வார்டு நர்ஸிடம் சொல்லாமல் விட்டால் தோல் பொசுங்கும்.

எடுத்த துண்டு அடுத்தது. 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி, ஐ.டி.ஹெச். மரபணு மாற்றம் உண்டா, 1பி/19க்யூ குரோமோசோம் பகுதிகளின் இழப்பு உண்டா என்று தெரியாமல் வளர்ந்தவர்களின் கிளையோமாவுக்குச் சரியான பெயரே வைக்க முடியாது. அந்தச் சோதனைகள் வீணாவது பெரும்பாலும் தியேட்டரில்தான். சூட்டால் ரத்தத்தை அடைக்கும் காட்டரியில் கருகிய துண்டையோ, நடுவில் செத்துப்போன பகுதியையோ அனுப்பினால் பேத்தாலஜிஸ்ட் என்ன செய்வார்? ஸ்கேனில் மருந்து ஏறி ஒளிரும் விளிம்பிலிருந்து எடுங்கள். உடனடிச் சோதனைக்கு ஒரு துண்டு, துண்டைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் ஒரு துண்டு, திசு வங்கி இருந்தால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஒரு துண்டு. சனிக்கிழமை மதியம் ஃபார்மலினில் போட்டது யாரும் எடுத்துப்போகாமல் செவ்வாய் வரை கிடந்தால் டி.என்.ஏ. சிதையும். ஃபார்மலினில் 72 மணி நேரம் என்பதே உச்ச வரம்பு. போட்ட நேரத்தைப் பாட்டிலின் மேல் எழுதும் பழக்கம் இருக்கட்டும்.

ஆராய்ச்சி என்றதும் மரபணு, எலி, வெளிநாட்டு லேப் என்று யோசித்திருப்பீர்கள். அதெல்லாம் பிறகு வரட்டும். ஃபாலோ-அப் பதிவேட்டில் தொடங்குங்கள். கிளையோமாக்களில் மிகக் கொடிய கிளையோபிளாஸ்டோமாவுக்கு 2005-லிருந்து வழக்கத்தில் உள்ள சிகிச்சை இது: 30 தவணையில் 60 கிரே அளவு கதிர்வீச்சு, கூடவே தினமும் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலமைடு மருந்து, பிறகு 28 நாள் சுற்றில் ஐந்து நாள் மட்டும் 150 முதல் 200 மி.கி. என்று ஆறு சுற்று. இதற்கு வழிவகுத்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். 30 தவணை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வருகிற கூலித்தொழிலாளி ஆறு வாரம் புதுச்சேரியில் எங்கே தங்குவார், கூட இருப்பவரின் கூலிக்கு என்ன வழி? அழகாக ஆபரேஷன் செய்த நோயாளி பதினைந்தாவது தவணையோடு வராமல் போனால் உங்கள் ஆபரேஷனின் பலன் அங்கேயே நிற்கிறது. யார் எந்த வாரத்தில் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று இரண்டு போன் நம்பரோடு (ஒன்று நோயாளியுடையது, ஒன்று பக்கத்து வீட்டாருடையது) மூன்று வருடம் பதிவு வைத்தால், வேறு ஊர்க்காரர் எழுத முடியாத கட்டுரை கிடைக்கும். ஆபரேஷன் முடிந்த அன்றே வயது, ஸ்கேன் அளவு, நோயாளியின் இயங்குதிறன் மதிப்பெண், எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை நிரப்பிவிடுங்கள். வருடக் கடைசியில் பழைய கேஸ் ஷீட்டைத் தோண்டினால் பாதிக் கட்டம் காலியாக இருக்கும்.

பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை பார்ப்பது உண்மை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியில் அசல் ஆய்வுக் கட்டுரை, முறைசார் தொகுப்பாய்வு, கேஸ் சீரீஸ் போன்றவை செல்லும். ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட் எழுதிப் பழகலாம், அதை நம்பி இருக்க முடியாது. மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பும் மருத்துவக் கல்வி அடிப்படைப் படிப்பும் கட்டாயம். முதலாவது ஆன்லைனிலேயே உண்டு, எம்.எஸ்.ஸில் சேர்ந்ததும் முடித்துவிடுங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் பிரசுரம் என்று மெயில் அனுப்பும் இதழ்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே வந்த கட்டுரை நேர்முகத் தேர்வில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

எம்.சிஹெச்.-க்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் நியூரோ ஆன்காலஜி அல்லது மண்டையடித்தள அறுவை சிகிச்சையில் ஃபெலோஷிப் செய்யுங்கள். வெளிநாடு என்றால் அப்சர்வர்ஷிப்புக்கும் கிளினிக்கல் ஃபெலோஷிப்புக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். முதலாவதில் வேடிக்கை பார்க்கத்தான் அனுமதி. அதற்குக் கடன் வாங்கிப் போக வேண்டாம்.

ஊர்ப்பக்கம் திரும்புவது முடியும். கோரிமேட்டு ஜிப்மரில் நியூரோ சர்ஜரியும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கட்டி சர்ஜனுக்கு அது பெரிய வசதி. அங்கே உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 1,01,500 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி, வெளியே பிராக்டிஸ் கூடாது. அப்பாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், "டாக்டர் பொண்ணு எப்போ ஆஸ்பத்திரி கட்டும்" என்ற எதிர்பார்ப்பு பின்னால் வம்பாகும். இடம் எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் முண்டியம்பாக்கம், அண்ணாமலை நகர் போன்ற அரசுக் கல்லூரிகளையும் தனியார் கல்லூரிகளையும் மனதில் வையுங்கள். அங்கே நேர்முகத்துக்குப் போனால் சம்பளத்துக்கு முன் நான்கைக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப் வேறு துறையோடு பகிர்வதா, நியூரோ மயக்கவியல் டாக்டர் இரவிலும் உண்டா, ஐ.சி.யு.வில் நியூரோவுக்கென்று எத்தனை படுக்கை, உடனடித் திசுச் சோதனை செய்ய பேத்தாலஜிஸ்ட் தயாரா. நான்கில் இரண்டுக்கு 'ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்' என்று பதில் வந்தால், அங்கே முதுகுத்தண்டும் தலைக்காயமும் பார்க்கலாம், கட்டி நோயாளிகளை இப்போதைக்கு ஜிப்மருக்கே அனுப்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.