துடிக்காத மீன்கரு

அன்புள்ள ஐயா,
நான் அம்பாசமுத்திரத்துக்காரி, விலங்கியல் முதுகலை மாணவி. ஜீப்ரா மீனின் தசை வளர்ச்சியில் அன்க்-45பி என்ற புரதத்தின் பங்கைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். புழு முதல் மனிதன் வரை இயற்கை இதைப் பாதுகாத்து வைத்திருப்பது, நம் நோய்களை நாம் அறிந்துகொள்ளத்தானே? வீட்டிலோ, “வெளிநாட்டு மீனால் என்ன பயன், பி.எட். சேர்ந்துவிடு” என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

வெளிநாட்டு மீன் என்று சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கைப் பகுதி மீன்களோடு சேர்த்து விவரித்த நம் நாட்டு மீன்தான் அது.

சில நாட்களாகவே நான் தசையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுவயதில் எங்கள் ஆச்சி ஆற்று விராலைச் சாம்பல் போட்டு உரசி, அரிவாள்மணையில் அறுத்து, உப்பைத் தடவியதும் துண்டுகள் சட்டிக்குள் துடிக்கும். “உசுரு போவலையா ஆச்சி?” என்று கேட்டால், “உசுரு போயிட்டுலே, சதைக்குத்தான் இன்னும் தெரியல” என்பாள். உயிர் போன பின்னும் செல்களில் சிறிது நேரம் எஞ்சியிருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு, மையோசின் என்ற தசைப்புரத இழைகள் ஆக்டின் என்ற மற்றொரு புரதத்தின் இழைகளைப் பற்றி இழுக்கும் வேலை அது என்று கல்லூரியில்தான் படித்தேன். ஆச்சி சொன்னதிலும் பிழையில்லை.

அந்த மையோசினின் தலைப்பகுதி தானாகச் சரியாக மடிவதில்லை. எச்எஸ்பி-90 என்ற மற்றொரு புரதத்தோடு சேர்ந்து அதை மடித்துக் கொடுப்பதே உங்கள் அன்க்-45பியின் வேலை. அது பழுதான மீன்கருவில் மையோசினாலான தடித்த தசை இழைகள் ஒழுங்காக அமைவதில்லை. கருவுற்ற ஒரு நாளுக்குள் வாலைச் சுண்டி அசையவேண்டிய கரு அப்படியே கிடக்கிறது. இதயமும் சரிவர இயங்காததால், தோல் வழியே ஊடுருவும் ஆக்சிஜனைக் கொண்டு சில நாட்கள் தாக்குப்பிடித்துவிட்டு மடிகிறது.

இப்படி ஒரு கருவைப் பற்றி எழுதப்போகிறவர், “இயற்கை பாதுகாத்து வைத்திருக்கிறது” என்று எழுதலாமா? யாரும் எதையும் பாதுகாக்கவில்லை, அம்மா. இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவிலும் மாற்றங்கள் நேர்ந்துகொண்டேதான் இருந்தன. மையோசினைப் பற்றும் பகுதி கெட்டுப்போனவை முட்டையிடும் பருவத்தை எட்டவில்லை. புழுவிலும் மீனிலும் உங்களிடமும் இன்று ஒத்திருப்பது, அத்தனை சாவுகளுக்குப் பிறகு எஞ்சியது மட்டுமே. நம் நோய்களை அறிவதற்காக என்பது அதைவிட மோசம். இக்குடும்பத்துப் புரதம் தசையே இல்லாத ஈஸ்டிலும் மையோசினோடு சேர்ந்து இயங்குகிறது. அதற்கு எந்த நோயாளியைத் தெரியும்? 1974-இல் எப்ஸ்டீன், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், குளிர்ச்சியில் நன்றாக நகர்ந்து வெப்பம் கூடினால் முடங்கிவிடும் புழுவைக் கொண்டு இம்மரபணுவின் கோளாறை விவரித்தார்கள். அவர்கள் கேட்டது இழைகள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதை. மாறாமலே இருந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். புழுவில் இம்மரபணு ஒன்று. மீனிலும் நம்மிலும் இரண்டு, அவற்றில் ஒன்று மட்டுமே தசைக்கானது. ஏன் இரண்டாயிற்று என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பி.எட். எங்கும் ஓடிவிடாது, ஆய்வேட்டை முடித்துவிட்டும் சேரலாம். முதலில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, முன்னுரையை மையோசினிலிருந்து தொடங்கி எழுதி அனுப்புங்கள். படித்துப் பார்த்து, வேண்டுமானால் மறுபடியும் திட்டுகிறேன்.