வாசகர் கேள்வி: யேல் அழைக்கும் தலைவர்கள்

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கும் என் மகள், யேல் பல்கலைக்கழகத்தின் ‘வேர்ல்ட் ஃபெலோஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா? அங்கே என்ன பட்டம் தருவார்கள்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போது விண்ணப்பிக்க இயலாது. அதில் உங்கள் மகளின் குறை ஏதுமில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 2002இல் தொடங்கிய இத்திட்டம் மாணவர்களுக்கானதன்று. அரசியல், இதழியல், தொழில், கலை, சமூகப் பணி எனத் தம் துறையில் சில ஆண்டுகள் உழைத்துத் தடம் பதித்து, இன்னும் உயரக்கூடியவர்கள் என்று கருதப்படுவோருக்கானது. பல நாடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 பேரையே அழைக்கிறார்கள். பட்டம் கிடையாது. ஏறக்குறைய நான்கு மாதங்கள் வளாகத்தில் தங்கி, விரும்பிய வகுப்புகளில் அமர்ந்து, பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் உரையாடி, அன்றாட வேலையின் நெருக்கடியில் எண்ணிப் பார்க்க இயலாதவற்றை நிதானமாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே அதன் பயன். என் கருத்தில் பட்டத்தைவிட அது பெரிது.

2010இல் இத்திட்டத்தில் அங்கே தங்கிய, ரஷ்ய ஆட்சியாளர்களை எதிர்த்த அரசியல் தலைவர் அலெக்சி நவால்னி ரஷ்யாவுக்குத் திரும்பி, மறு ஆண்டே ஊழல் எதிர்ப்பு அறக்கட்டளையை நிறுவினார். 2024இல் சிறையிலேயே உயிரிழந்தார். அந்தத் துணிவு அவருடையது. எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கற்றுத்தர இயலாது.

அப்பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரிய எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். முதலில் மகள் தமக்குப் பிடித்த பணியில் வேரூன்றட்டும். விண்ணப்பம் அதன் பிறகு.