கட்சித் தலைவர் கோடையில் பேருந்துப் பயணம் போனால், கூடப் போகிறவர்களின் பாடு எப்படி இருக்கும்?

குமரி மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். ஏசி பேருந்து தலைவருக்குத்தான்; பின்னால் வேன்களில் வருகிறவர்களுக்குப் புழுக்கம். ஆரல்வாய்மொழியில் காற்றாவது அடிக்கும், தக்கலை தாண்டினால் வியர்வை ஊற்றும். மார்த்தாண்டம் நெரிசலில் நேர அட்டவணை சிதறிவிடும். குழித்துறையில் மதியச் சாப்பாடு என்றால் கைக்கு வர நாலு மணி ஆகும். அதுவரை அக்கானியும் (பதநீர்) நுங்கும்தான். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடிமழை வேறு வரும், மைக் செட்காரர் பாடு திண்டாட்டம் (அவரை யாரும் கண்டுகொள்வதில்லை). கடலோர ஊர்களின் குறுகிய தெருக்களில் பெரிய பேருந்து நுழையாது. தலைவர் திறந்த ஜீப்புக்கு மாறுவார். தேர்தல் காலமானால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். தூக்கம்? தலைவருக்கு நாகர்கோவில் விடுதி. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கல்யாண மண்டபத் தரை. குளிக்க விடியுமுன் எழுந்தால் தப்பித்தீர்கள், பிந்தினால் பக்கெட்டுக்கு வரிசை.