நூலகத்துக்கு வந்து சேராத அறிக்கைகள்

கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பற்றி ஆய்வு நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தில் வெளியிட்ட அறிக்கையை என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்தேன். இப்போது அந்த முகவரியைத் திறந்தால் பக்கமே இல்லை என்று வருகிறது. கன்னிமராவிலும் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?
- ஆய்வு மாணவி, வேளச்சேரி

பதில்: நீங்கள் தேடுவது நூலகத்துறையினர் ‘சாம்பல்நிற இலக்கியம்’ என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் என, பதிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் வெளியிடும் அறிக்கைகளும் ஆய்வுத்தாள்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும் இதில் அடங்கும். புத்தகக் கடைக்கு வராதவை என்பதால் இவை பெரும்பாலும் நூலகப் பட்டியலுக்கும் வருவதில்லை.

கன்னிமராவில் கிடைக்காததில் வியப்பில்லை. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும், கன்னிமரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால் அது அச்சு நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். இணையதளத்தில் ஏற்றிய பிடிஎஃப் கோப்பை எவரும் பார்சல் கட்டி அனுப்புவதில்லை. அரசு வெளியீடுகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்றாலும், அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. பயனுள்ள அறிக்கைகள் எத்தனையோ அந்த ஒரு முத்திரையின் பின்னால் நின்றுவிடுகின்றன என்பது என் ஆதங்கம்.

முதலில், திறக்க மறுக்கும் அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ தேடற்பெட்டியில் இடுங்கள். 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அந்தச் சேவை, பக்கம் எந்தெந்த நாள்களில் படியெடுக்கப்பட்டது என்பதை நாட்காட்டியாகவே காட்டும். அங்கும் இல்லையெனில், அறிக்கையின் தலைப்பிலுள்ள அரிதான நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டுமாறு தேடுபொறிக்குக் கட்டளையிடுங்கள். இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரிதான் பெரும்பாலும் மாறுகிறது. கோப்பு அதே தளத்தில் வேறொரு மூலையில் கிடக்கும். நிறுவனமே மறைந்துவிட்டால் சிக்கல் பெரிது. 2015 ஜனவரியில் மத்தியத் திட்டக் குழுவின் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் திட்டக் குழுவின் பழைய இணைய முகவரிகளே இன்னும் நிற்கின்றன.

பலரும் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு: அறிக்கையை எழுதியவருக்கே ஒரு கடிதம் போடுவது. அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் நூலகர்களையும் நேரில் பாருங்கள்; ஆய்வுத்தாளின் வரிசை எண் தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும். எங்கிருந்து கிடைத்தாலும் உள்பக்கத்திலுள்ள தேதியைச் சரிபாருங்கள். வரைவுக்கும் திருத்திய பதிப்புக்கும் இடையே புள்ளிவிவரம் மாறியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தை மாற்றுகிறோம். 1980-களிலிருந்து சேர்ந்த அறிக்கைகள் இரண்டு பீரோ நிறைய உள்ளன. ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைக் கழித்துவிடலாமா?
- அலுவலகப் பொறுப்பாளர், மந்தைவெளி

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பழைய பேப்பர் கடை ஒன்றில், சைக்ளோஸ்டைல் செய்த ஓர் ஊராட்சிக் கணக்கெடுப்பு அறிக்கை தராசில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து முதல் நான்கு தாள்களில் பழுப்பு வட்டமாக இறங்கியிருந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் அட்டவணையின் கூட்டலைத் திருத்தியிருந்தார்கள். அவசரமாக எடுக்கும் ஸ்கேனில் முதலில் மறைவது அந்தப் பென்சில் எழுத்துதான்.

பின்களைக் கழற்றிவிட்டு, அட்டை, பின்னட்டை, வெற்றுப் பக்கத்தின் முத்திரை உட்பட எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். நீண்டகாலப் பாதுகாப்புக்கென 2005-இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவில் சேமித்து, ‘இறுதி 2’ என்றெல்லாம் பெயரிடாமல் ஆண்டு, நிறுவனம், தலைப்பு என்ற வரிசையில் பெயரிடுங்கள். பிரதிகள் ஒரே கட்டடத்தில் இருக்கவே கூடாது. தரைத்தளத்தில் கோப்பு வைத்திருந்தவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் இதைச் சொல்லிவிட்டுப் போயிற்று. உங்கள் அறக்கட்டளையே வெளியிட்டவற்றை, 2013 முதல் இயங்கிவரும் ‘செனோடோ’ போன்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றினால், தளம் மாறினாலும் மாறாத அடையாள எண் கிடைக்கும். பிறர் வெளியிட்டவற்றுக்குக் காப்புரிமை அனுமதி தேவைப்படலாம்.

காகிதத்தை என்ன செய்வது என்று தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். நூல்களோடு துண்டுப் பிரசுரத்தையும் அழைப்பிதழையும் எறியாமல் சேர்த்துவைத்த கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவான நூலகம் அது.

கேள்வி: அரசுத் துறையின் பழைய அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாமா?
- வாசகர், ஆவடி

பதில்: பெறலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள். ‘எல்லா அறிக்கைகளும்’ என்று பொதுவாகக் கேட்காமல் தலைப்பையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். அரசு நிதியில் பெருமளவு இயங்காத தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.